இந்தக் காய்ச்சலுக்கு என்னிடம் வராதீர்கள்!

வந்த நோயாளியை 'இங்கே வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புகிற வைத்தியரை ஊரில் 'பிழைக்கத் தெரியாதவர்' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நெய்வேலியில் நாடி பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூட்டுவலி, மூலம், தோல் நோய், நாள்பட்ட சளி... எத்தனையோ தொல்லைகளுக்கு எங்களிடம் நல்ல மருந்து உண்டு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால், ஒரே ஒரு காய்ச்சலைச் சித்த வைத்தியர் யாரும் தொடவே கூடாது என்பது என் கட்சி. ஒரு வேளை கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்றுகூட நினைக்கக்கூடாது.

பாக்டீரியா கிருமியால் வரும் மூளை உறைக் காய்ச்சலைத்தான் சொல்கிறேன். டாக்டர்கள் 'மெனிஞ்சைட்டிஸ்' என்பார்கள்.

கைக்குழந்தைகளுக்கு வருகிற நோய் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கைக்குழந்தைகளுக்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்தபடியாக இது தேடிப் போவது யாரைத் தெரியுமா? பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை! நேற்று சாயங்காலம் வரை கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன், மறுநாள் ராத்திரி ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடப்பான். அவ்வளவு வேகம்.

பன்றிக் காய்ச்சலா டாக்டர்?

நம் கடலூர் மாவட்டத்தில் 'மூளைக்காய்ச்சல்' என்று வாயைத் திறந்தாலே, "பன்னியாலயும் கொசுவாலயும் வர்றதுதானே டாக்டர்? அதுக்குத்தான் சின்ன வயசுலயே ஊசி போட்டாச்சே" என்று நிம்மதியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அது வேறு, இது வேறு. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். வைரஸால் வருவது. 1955-ம் ஆண்டு வேலூர் வட்டாரத்தில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக அந்த நோய் மனிதர்களிடம் கண்டறியப்பட்டது. நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசு அதைப் பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் மனிதர்களுக்குக் கொண்டு வருகிறது. பழைய தென்னாற்காடு ஜில்லாவில் நெல்லும் உண்டு, தண்ணீரும் உண்டு. அதனால் அந்தப் பயம் நம் ஊரில் ஊறிப்போய்விட்டது. 2006-லிருந்து இந்தியாவில் மாவட்டம் மாவட்டமாக அதற்குத் தடுப்பூசி போட்டு வருகிறார்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல காரியம்.

ஆனால் அந்த ஊசி இந்த நோயைத் தடுக்காது. இங்கே கொசுவும் இல்லை, பன்றியும் இல்லை. மனிதனிடமிருந்து மனிதனுக்கு, மூக்கு, தொண்டை வழியாக வருகிறது. ஒரே பெயரில் இரண்டு நோய்களைக் கூப்பிட்டால் வரும் வினை இது. அதனால் இந்தக் கட்டுரையில் இதை 'மூளை உறைக் காய்ச்சல்' என்றே சொல்கிறேன்.

நம் மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று அடுக்கு உறைகள் போர்த்தியிருக்கின்றன. பனங்காயைப் பார்த்திருப்பீர்கள், வெளியே மட்டை, உள்ளே ஓடு, அதற்குள் நுங்கைப் பொத்தி வைத்த மெல்லிய தோல் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இல்லையா... ஏறக்குறைய அப்படி. இந்த உறைகளுக்கு நடுவே சுமார் 150 மில்லி தெளிந்த நீர், ஒரு டம்ளர் அளவு, ஓடிக்கொண்டிருக்கிறது. மூளை அதில் மிதக்கிறது என்றே சொல்லலாம். ரத்தத்தில் திரியும் கிருமி இந்த நீருக்குள் நுழைவது சுலபமில்லை. நுழைந்துவிட்டால் அதை எதிர்க்க உள்ளே போதுமான காவல் இல்லை. கிருமி பெருகுகிறது, உறை வீங்குகிறது, மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. விரிய இடமில்லாத பெட்டிக்குள் வீக்கம் வந்தால் என்ன ஆகும்? மூளைதான் நசுங்கும்.

இளவட்டங்களிடம் இதைச் செய்யும் கிருமிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மெனிங்கோகாக்கஸ். இன்னொன்று நிமோனியாவை உண்டாக்கும் அதே நிமோகாக்கஸ். 1805-ல் ஜெனீவா நகரத்தில் வியூஸ்யூ என்ற மருத்துவர் இந்த நோய் கொள்ளை நோயாகப் பரவியதை முதன்முதலில் எழுதி வைத்தார். மெனிங்கோகாக்கஸ் கிருமியை 1887-ல் வியன்னாவில் வைக்ஸல்பாம் என்பவர் கண்டுபிடித்தார். ஆன்ட்டிபயாடிக் வருவதற்கு முன்பு இது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இப்போதும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பாக்டீரியா மூளை உறைக் காய்ச்சல் வந்த ஆறு பேரில் ஒருவர் இறந்துபோகிறார். ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு, கை கால் இழப்பு என்று ஏதாவது ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

வயசுப் பிள்ளைகளுக்கு ஏன்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெனிங்கோகாக்கஸ் கிருமி பத்தில் ஒருவருடைய தொண்டையில், எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கும்! வயதுக்கு வயது இந்தக் கணக்கு மாறும். ஐரோப்பிய நாடுகளில் பார்த்ததில், 19 வயதுக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தொண்டையில் இது இருந்தது. ஐம்பது வயதுக்காரர்களிடம் எட்டு சதவீதத்துக்குள் இறங்கிவிட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். அந்த வயதில்தான் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். ஒரே ரூமில் நாலு பேர், ஐந்து பேர் படுக்கிறார்கள், தோள் மேல் கை போட்டு மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ஒரே சிகரெட்டை மூன்று பேர் இழுக்கிறார்கள். (சிகரெட் புகையே தொண்டையின் உள்தோலைக் கெடுத்துக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பிடிப்பவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கும்!)

முதல் உலகப் போர் நடந்த 1917-ல் இங்கிலாந்தில் க்ளோவர் என்ற ராணுவ மருத்துவர் ஒரு காரியம் செய்தார். சிப்பாய்கள் தங்கிய கொட்டடிகளில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். அவர்கள் தொண்டையில் கிருமி இருக்கிறதா என்றும் சோதித்தார். ஆட்களை நெருக்கி அடைத்த இடத்தில் கிருமி சுமப்பவர்கள் எண்ணிக்கை ஏறியது. இரண்டரை அடியாவது இடைவெளி விட்டு, ஜன்னல்களைத் திறந்ததும் அது இறங்கியது. அவ்வளவுதான் சூத்திரம்! பணம் கட்டி ஹாஸ்டலில் சேர்க்கும்போது மெஸ் சாப்பாட்டைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறோம். ஒரு ரூமுக்கு எத்தனை பேர், ஜன்னல் திறக்குமா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

நெய்வேலிப் பிள்ளைகள் ப்ளஸ் டூ வரைக்கும் நம் டவுன்ஷிப்பிலேயே, விசாலமான வட்டங்களில், மரநிழலில், தனி வீட்டுக் காற்றில் வளர்ந்தவர்கள். அப்புறம் திடீரென்று ஜூன், ஜூலை மாதத்தில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி என்று ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்த தொண்டைகள் ஒரே ரூமில் சேரும் முதல் மூன்று, நான்கு மாதங்கள்தான் இந்த விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

டெல்லியில் நடந்தது

'இதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்று தள்ளிவிட முடியாது. தலைநகர் டெல்லியில் 1966-ல் ஒரு முறை, 1985-ல் ஒரு முறை, 2005-ல் ஒரு முறை மெனிங்கோகாக்கஸ் கொள்ளை நோயாகவே வந்திருக்கிறது. 1985-ல் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து, எண்ணூறு பேர் அளவில் இறந்துபோனார்கள். 2005-ல் பழைய டெல்லியின் நெருக்கமான தெருக்களில் தொடங்கியபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 16-லிருந்து 30 வயதுக்குள் இருந்த இளைஞர்கள். 2008, 2009-ல் மேகாலயாவிலும் திரிபுராவிலும் பரவியது. நம் பக்கம் அப்படிப் பெரிய அலையாக இல்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. அதுதான் ஆபத்து. ஊரெல்லாம் பேசும் நோய் என்றால் உடனே சந்தேகம் வரும். எப்போதோ ஒன்று வந்தால், சாதாரண வைரஸ் ஜுரம் என்றுதான் முதலில் தோன்றும்.

எங்கள் ஏட்டில் என்ன இருக்கிறது?

சுரம் 64 வகை என்றும், சன்னி 13 வகை என்றும் நாங்கள் பாடம் படித்திருக்கிறோம். கடும் ஜுரத்தோடு பிதற்றல், கண் செருகல், கழுத்து விறைப்பு என்று சன்னிக்குச் சொல்லியிருக்கும் குறிகுணங்களில் பல இந்த நோயோடு அப்படியே ஒத்துப் போகின்றன. நம் பாட்டிமார் "ஜன்னி கண்டுடுச்சு" என்றால், வீட்டில் அழுகுரல் கேட்க ஆரம்பித்துவிடும். ஏன்? ஜன்னி கண்டவர்கள் எழுந்து நடமாடியது அபூர்வம் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நோயைச் 'சாத்தியம்', 'அசாத்தியம்' என்று பிரித்து அறிவது எங்கள் வைத்தியத்தின் முதல் பாடம். தன் கைக்குள் அடங்காததைத் தெரிந்துகொள்வது வைத்தியனுக்கு இழுக்கு என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் வேறு கதி இல்லை, பார்த்தார்கள். இன்று கதி இருக்கிறது. நரம்பு வழியாக ஏற்றும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஆன்ட்டிபயாடிக், சரியான நேரத்தில் போனால், அசாத்தியம் என்று எழுதி வைத்த நோயைச் சாத்தியமாக்கிவிடுகிறது. இதை ஒப்புக்கொள்வதில் சித்த மருத்துவத்துக்கு என்ன குறைவு வந்துவிடப் போகிறது? 'எல்லா நோய்க்கும் எங்களிடம் மருந்து உண்டு' என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அப்படிப் பேசிப் பேசித்தான் உண்மையில் எங்களால் முடிகிற காரியத்தையும் ஜனங்கள் நம்பாமல் போகிறார்கள்.

நிலவேம்புக் குடிநீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் சிக்குன்குன்யா வந்தபோதும், 2012-ல் டெங்கு வந்தபோதும் தமிழ்நாடு முழுக்க அது வீட்டு மருந்தாகிவிட்டது. ஒன்பது சரக்கு சேர்ந்த நல்ல மருந்து. நானும் கொடுக்கிறேன். ஆனால் மூளை உறையில் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது. "ரெண்டு நாள் நிலவேம்பு கொடுத்துப் பார்த்தோம் டாக்டர்" என்கிறார்களே... அந்த இரண்டு நாள் இந்த நோயில் கிடையாது!

மணிக்கணக்குதான்!

எவ்வளவு நேரம்தான் இருக்கிறது? 2006-ல் இங்கிலாந்தில் 16 வயது வரையான பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மெனிங்கோகாக்கஸ் நோயில் முதல் நாலிலிருந்து ஆறு மணி நேரம் வரை சாதாரண ஜுரம், தலைவலி, வாந்தி, சோர்வு... அவ்வளவுதான். எந்த வைத்தியராலும் பிரித்துச் சொல்வது கஷ்டம். சுமார் எட்டாவது மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. உடம்பு கொதிக்கும், ஆனால் கையும் காலும் சில்லிட்டிருக்கும். காரணமில்லாமல் கால் வலி. தோல் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ மாறும். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்பதற்கு அடையாளம் இது. கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, பிதற்றல் என்று புத்தகத்தில் போட்டிருக்கும் அடையாளங்கள் 13-லிருந்து 22 மணி நேரத்தில்தான் வருகின்றன. அதற்குள் பாதிக் கிணறு தாண்டிவிட்டது நோய்.

கழுத்தை எப்படிப் பார்ப்பது? பிள்ளையை உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு தாடையை மார்பில் தொடச் சொல்லுங்கள். சாதாரண ஜுரத்தில் முனகிக்கொண்டே தொட்டுவிடுவான். இதில் முடியாது, தலையைக் குனிந்தால் முதுகு வரை இழுக்கும். ஆனால், தொட்டுவிட்டான் என்பதற்காக 'ஒன்றுமில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குக் கடைசி வரை கழுத்து விறைக்காது.

தோலில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு அல்லது கருஞ்சிவப்புப் புள்ளிகள் வந்தால், ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரண தடிப்பு மறையும். இது மறையாது. இந்த டம்ளர் சோதனை வெள்ளைக்காரர்கள் தோலுக்குச் சுலபம். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அவ்வளவு எளிதில் தெரியாது. அதனால் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேல் அண்ணம் இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளி வரவில்லை என்றாலும் நோய் இருக்கலாம். நிமோகாக்கஸ் வந்தால் பெரும்பாலும் புள்ளியே வராது.

இந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? கழுத்துப் பிடித்திருக்கிறது என்றதும் "தலகாணி சரியில்ல, சுளுக்கு" என்று தைலம் தேய்த்து நீவி விடுகிறார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. சுளுக்கில் ஜுரம் வராது ஐயா! கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பத்தான் வலிக்கும். ஜுரமும் கழுத்து வலியும் சேர்ந்தால் கை வைக்காதீர்கள். பையன் சம்பந்தமில்லாமல் பேசினால் 'காத்து கருப்பு' என்று வேப்பிலை அடிப்பதும், ஹாஸ்டலாக இருந்தால் 'ஏதோ போதை போட்டுட்டான்' என்று படுக்க வைத்துவிடுவதும் நடக்கிறது.

இதைவிடத் தந்திரமான ஆபத்து, மெடிக்கல் ஷாப்பில் "ஜுரத்துக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்கும் இரண்டு ஆன்ட்டிபயாடிக் மாத்திரை. அது நோயைக் கொல்லாது. முகத்தை மட்டும் மறைத்துவிடும். ஜுரம் கொஞ்சம் தணியும், வீட்டில் நிம்மதி வரும். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு நீர் எடுத்துப் பார்த்தால் கிருமி வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் டாக்டர் திண்டாட வேண்டியதுதான்.

ராத்திரி பஸ்ஸில் வரும் ஜுரம்

ஹாஸ்டல் வார்டன்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பையனுக்கு ஜுரம் என்றால், "ஊருக்குப் போயிட்டு உடம்பு தேறினதும் வா" என்று பஸ் ஏற்றி விடுகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருகிறான். விடிகாலையில் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கும்போது என்ன நிலையில் இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? நான் மேலே சொன்ன எட்டு மணி நேரத்தை அந்தப் பஸ் தின்றுவிடும். பெற்றவர்களும் இதற்கு உடந்தை. "எதுவா இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்துடு கண்ணு, அம்மா பார்த்துக்கறேன்" என்று போனில் சொல்வது பாசம்தான். ஆனால் கடும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்த ஜுரம் என்றால் அவன் வர வேண்டிய இடம் நம் வீடு இல்லை. அவன் இருக்கும் ஊரிலேயே உள்ள பெரிய ஆஸ்பத்திரி. நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.

போனில் என்ன கேட்பது? "சாப்பிட்டியா?" அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். லைட்டைப் பார்த்தால் கண் கூசுகிறதா, தாடை மார்பைத் தொடுகிறதா, கை கால் சில்லென்று இருக்கிறதா, எத்தனை தடவை வாந்தி? பதில் குளறினால் உடனே ரூம் தோழனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவனிடம் "தம்பி, 108-ஐக் கூப்பிடுப்பா. நீயும் கூடவே போ" என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற இலவச ஆம்புலன்ஸ் அது. 'பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்' என்ற சந்தேகம் வந்தால்கூடப் பரவாயில்லை, போகட்டும். ஏமாந்தால் ஒரு ராத்திரி தூக்கம்தான் நஷ்டம்.

நெய்வேலியிலேயே இருப்பவர்கள் என்.எல்.சி. மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஜிப்மர் என்று எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போகலாம். முதல் ஊசியைக் கிட்டத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொண்டு, பிறகு பெரிய இடத்துக்குப் போவது உத்தமம்.

முதுகில் ஊசி

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் ஒரு இடத்தில் சிக்கல் வருகிறது. "முதுகுத் தண்டுல நீர் எடுத்துப் பார்க்கணும், கையெழுத்துப் போடுங்க" என்பார் டாக்டர். உடனே சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். "முதுகுல தண்ணி எடுத்தா காலு வெளங்காமப் போயிடும்!" என்று ஒரு பெரியப்பா சொல்வார். "எங்க ஊர்ல ஒருத்தன் அப்படித்தான்..." என்று ஒரு சித்தி எடுத்துக் கொடுப்பார்.

தண்டுவடம் இடுப்பு வரை வருவதில்லை. முதுகெலும்பின் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. அங்கே இருப்பது குதிரை வால் மாதிரித் தொங்கும் நரம்பு இழைகளும் நீரும்தான். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட லட்சக்கணக்கான தாய்மார்கள் நடமாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அதே இடம்தான். எடுக்கப்போவது சில மில்லி நீர். உடம்பு தானே மறுபடியும் ஊறவைத்துக்கொள்ளும். 1891-லிருந்து மருத்துவர்கள் செய்துவரும் சோதனை இது. அப்படிக் கால் போனதாகச் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் காலை எடுத்தது நோய். பழி ஊசி மேல் விழுந்தது. கையெழுத்துப் போடுங்கள். ஸ்கேன் எடுக்க வேண்டியோ வேறு காரணத்தாலோ நீர் எடுக்கத் தாமதமானால், டாக்டர் ஆன்ட்டிபயாடிக்கை முதலில் ஆரம்பித்துவிடுவார். அதற்கும் குறுக்கே நிற்காதீர்கள். கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டைப் பார்த்து என் நோயாளிகள் சிலர் பயப்படுகிறார்கள். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் ரகசியமாகப் பொடியில் கலந்து கொடுக்கும் ஸ்டீராய்டுக்குப் பயப்படுங்கள், நியாயம். இது நாலு நாள். காது போகாமல் காப்பாற்றுவதற்காகக் கொடுப்பது.

நோய் மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்தால், கூட இருந்தவர்களுக்கும் மருந்து உண்டு. வீட்டார், ஒரே ரூமில் படுத்தவர்கள், காதலன் காதலி (சொல்லத்தான் வேண்டும், வயது அப்படி) இவர்களுக்கு ஒரு நாளைக்குள் கொடுப்பது நல்லது. சிலருக்கு ஒரே வேளை சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை அல்லது ஒரு ஊசி. சிலருக்கு இரண்டு நாள் ரிஃபாம்பிசின். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். முழுக் காலேஜும் மாத்திரை விழுங்க வேண்டிய அவசியமில்லை. எது, யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி யாருக்கு?

தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் என்ற கிருமிக்கு எதிரான மருந்து இருக்கிறது. நிமோகாக்கஸுக்கான ஊசி 2021-ல் அரசு அட்டவணையில் சேர்ந்தது. இரண்டுமே மூளை உறைக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமிகளைத் தடுப்பவை. ஆனால் இன்று காலேஜ் போகும் பிள்ளை பிறந்த வருஷத்தை எண்ணிப் பாருங்கள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டும் அரசு ஊசி அட்டவணையில் இல்லை!

மெனிங்கோகாக்கஸுக்கான ஊசி அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லை. தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லோரும் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் குழந்தை மருத்துவர் சங்கமும் அப்படிச் சொல்வதில்லை. ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்குத்தான் சொல்கிறது. படிக்க வெளிநாடு போகும் பிள்ளைகள் அதில் முக்கியமானவர்கள். அமெரிக்காவில் 11, 12 வயதில் ஒன்று, 16-ல் ஒன்று என்று போடுகிறார்கள். இங்கிலாந்தில் 2015-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதிதாகக் காலேஜ் சேருகிறவர்களுக்கும் நான்கு வகைக் கிருமியைத் தடுக்கும் ஊசி. விசா வந்ததும் பெட்டி வாங்கப் போகிறவர்கள், அதற்கு முன்னால் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். ஹஜ், உம்ரா யாத்திரை போகும் நம் இஸ்லாமிய சகோதரர்களுக்கு இது புதிதல்ல. பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டுக்கொண்டு சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது சவூதி அரசின் விதி. விபத்திலோ ஆபரேஷனிலோ மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டவர்கள் ஆகியோர் எந்தெந்த ஊசி தேவை என்று டாக்டரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

ஒரு வருத்தமான பெருமை: ஆப்பிரிக்காவில் இந்த நோயின் 'ஏ' வகையை ஒழித்துக் கட்டிய தடுப்பூசி 2010-ல் புனே நகரத்து சீரம் நிறுவனத்தில் தயாரானது. ஒரு ஊசி அரை டாலருக்கும் குறைவு! கொள்ளை நோய் கண்ட நம் வட மாநிலங்களில், ஹாஸ்டல் பிள்ளைகளுக்காவது அந்த விலையில் ஒரு ஊசி கிடைக்க அரசு வழி செய்யலாம் என்பது என் ஆசை.

ஊசியில்லாத தடுப்பும் உண்டு. இதில் நிமோகாக்கஸ் வரும் வழிகளைக் கவனிக்க வேண்டும். வருஷக்கணக்கில் காதில் சீழ் வடியும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! பூண்டு காய்ச்சிய எண்ணெய், துளசிச் சாறு என்று ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் எதையும் ஊற்றாதீர்கள். சித்த வைத்தியர் சொன்னாலும் ஊற்றாதீர்கள்! அந்தச் சீழுக்கும் மூளை உறைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய எலும்புச் சுவர்தான். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டிச் சரி செய்துவிடுங்கள்.

இன்னொன்று, பைக். விழுந்து தலையில் அடிபட்ட பையனுக்கு, சில நாள் கழித்து ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும், குனிந்தால் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் வந்தால், 'ஜலதோஷம்' என்று விடாதீர்கள். மண்டையோட்டின் அடியில் விரிசல் விட்டு, மூளை நீரே கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த வழியாகக் கிருமி உள்ளே போய், மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட மூளை உறைக் காய்ச்சல் வரும். திரும்பத் திரும்பவும் வரும். மந்தாரக்குப்பம் ரோட்டில் ஹெல்மெட்டை டாங்க் மேல் வைத்துக்கொண்டு பறக்கும் தம்பிகள் கவனிக்கவும்.

தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பதால் மட்டும் இந்த நோய் சுலபமாகத் தொற்றிவிடாது. நெருக்கமாக, நெடுநேரம் இருமல் தும்மலில் பழகுவதுதான் முக்கிய வழி. ஆனாலும் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம். விட்டுவிடச் சொல்லமாட்டேன்.

காசநோய்க் கிருமியாலும் இதே உறைக் காய்ச்சல் வரும். அது மெதுவாக, இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மாலையில் ஜுரம், தலைவலி, எடை குறைதல், பையன் சுபாவமே மாறிப் போதல் என்று வந்தால் அதையும் நினைவில் வையுங்கள். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்போ, அதிகபட்சம் நாலு வாரத்துக்குள்ளோ காது கேட்கும் திறனைச் சோதித்துவிட வேண்டும். "டி.வி. சத்தத்தை ஏத்தி வைக்கிறான், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்" என்று ஆறு மாதம் கழித்து வந்தால், உள்காது எலும்பாக இறுகிப்போய், காக்ளியர் கருவி பொருத்துவதே கஷ்டமாகிவிடும். களைப்புக்கும் பசியின்மைக்கும் கஞ்சியும் லேகியமும் நான் தருகிறேன். அந்தச் சோதனைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.